சத்தத்தோடு அனுப்பிய பாட்டு

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் சாந்தி பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் பலராமன் செத்து அப்போது ஒரு வருஷம் ஆகவிருந்தது. அவருக்குக் கூடப்பிறந்தவள் சாந்தி ஒருத்திதான். வருஷப் படையலை ஊரில்தான் போடவேண்டும், ஜனத்தைக் கூப்பிட்டு இலை போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அண்ணி, தவளக்குப்பத்துல பேனருக்குச் சொல்லிட்டேன். அண்ணன் கோட்டு போட்ட போட்டோ. மைக்செட்டும் பேசியாச்சு. ஆனா கண்ட பாட்டையும் போடக்கூடாது. எங்கண்ணன் அங்க ஒரு குட்டிப் பொட்டி வெச்சிருந்தாரே, காதுல மாட்டிக்கினு, அதுல இருக்கற பாட்டுதான் போடணும். பாத்துப் பாத்து அவரே பதிஞ்சது. ஷோபாவ வுட்டு அனுப்பச் சொல்லு."

"பாக்கறேன்."

"பாக்கறேன்னா இன்னா அண்ணி? பாட்டு இல்லாத எடத்துல எங்கண்ணன் ஒரு நிமிசம் உக்காருவாரா?"

உட்கார மாட்டார். அது சத்தியமான வார்த்தை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. செல்லிப்பட்டில் பிறந்தவள், பெயர் மல்லிகா. மாமனார் பிரெஞ்சு பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்றால் நம் பக்கத்தில் ஜாதகம்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் பார்க்கவில்லை. பாரிசுக்கு வடக்கே, ரயில் சத்தம் கேட்கிற ஒரு அடுக்குமாடியில் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவுகிற வேலை பார்க்கிறேன். ஒரே மகள் ஷோபா, இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறாள், தனியாக வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புருஷனை 'அவர்' என்று எழுதித்தான் பழக்கம். நடுவில் கோபம் வந்தால் 'அவன்' என்று வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள்.

2

அவருக்குப் பாட்டென்றால் பைத்தியம். கல்யாணமாகி வரும்போது நான் ஒரு பெட்டியில் புடவை கொண்டுவந்தேன், அவர் ஒரு பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்தார். எல்லாம் வில்லியனூர் கடைத்தெருவில் கொடுத்துப் பதிந்தவை. ஏர்போர்ட்டில் என் பெட்டியைத் தூக்க ஆளில்லை. கேசட் பெட்டியை மட்டும் அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புத்தி வேலை செய்யவில்லை.

அப்புறம் கேசட் காலம் போய், சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற குட்டிப் பிளேயர் வந்தது. அதில் பதிகிற வசதியும் உண்டு. கூட வேலை செய்த காரைக்கால்காரர் ஒருத்தர், டேப்பிலிருந்து பிளேயருக்கு ஒயர் போட்டு நேராக ஏற்றலாம் என்று சொன்னார், ஒயரையும் கொண்டுவந்து கொடுத்தார். இவர் கேட்கவில்லை. ஒயரில் ஏற்றினால் பாட்டில் உயிர் இருக்காதாம். சின்ன வயதில் இவர் வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவார்கள். நம் ஊரில் அப்படிப் பதியாத வீடு உண்டா? பாட்டு வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னதும் வீடே வாயை மூடிக்கொள்ளும். குழந்தை அழுதால் தோட்டத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதே வழக்கத்தைப் பாரிசுக்கும் கொண்டுவந்தார். ஒரு முக்காலி, முக்காலிமேல் பிளேயர், எதிரில் டேப் ரெக்கார்டர். முக்காலிக்கும் என் அடுப்புக்கும் நடுவில் சுவரில்லை. இங்கே சமையலறை என்பது கூடத்தின் ஒரு மூலைதான்.

"பதிவு ஆவப்போவுது" என்பார். அவ்வளவுதான். குழாயைத் திறக்கக்கூடாது. கரண்டி படக்கூடாது. ஷோபாவுக்கு அப்போது இருமல் வந்தாலும் இருமக்கூடாது. பிள்ளை தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மறந்துபோய் குக்கரை இறக்காமல் விட்டுவிட்டால் விசில் வரும். வந்தால் அவன் பதிவை நிறுத்த மாட்டான். எழுந்து, செருப்பில்லாத காலால், சத்தமே வராமல் நடந்து வருவான். அடி விழும், சத்தம் வரக்கூடாது. அது ஒரு தனிக் கலை. முழங்கையை முதுகெலும்புக்குப் பக்கத்தில் வைத்து அழுத்துவான். இடுப்புச் சதையைப் பிடித்துத் திருகுவான். விரல் முட்டியால் உச்சந்தலையில் குத்துவான், கண்ணுக்குள் மஞ்சளாகத் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டும், ஏனென்றால் பாட்டு பதிவாகிறது. 'அம்மா' என்று ஒரு மூச்சு வெளியே வந்துவிட்டால், பாட்டு முடிந்ததும் டேப்பின் சத்தத்தை முழுசாகத் திருப்பிவிட்டு, பெல்ட்டை எடுப்பான்.

எங்கள் ஊரில் ஜனம் சொல்லிக்கொண்டது, பலராமன் வீடு எப்போதும் கச்சேரிதான் என்று. வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் ஊருக்குப் போனாலும் அங்கேயும் அதே டேப், அதே சத்தம். தெருவே கேட்டது. ஒருத்தருக்கும் உள்ளே என்ன நடக்கிறதென்று தோன்றவில்லையா, தோன்றியும் நமக்கென்ன என்று இருந்தார்களா, எனக்குத் தெரியாது.

ஒரு பாட்டு உண்டு. இரண்டு பேர் மாறிமாறிப் பாடுகிற காதல் பாட்டு, நடுவில் அந்தப் பெண் கலகலவென்று சிரிப்பாள். அதைப் பதிகிற அன்றைக்கு நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். கை நழுவி தட்டு தரையில் விழுந்து உருண்டது. உருண்டு நிற்பதற்குள் அவன் வந்துவிட்டான். தலைமயிரைப் பிடித்து சமையல் மேடை விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை. "அய்யோ அம்மா, செத்தேன்" என்று கத்திவிட்டேன். ஷோபா தலையணையை எறிந்துவிட்டு ஓடிவந்து "பப்பா வேணாம், பப்பா வேணாம்" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளை உதறினான். முக்காலி மட்டும் ஆடவில்லை. பாட்டு முழுக்கப் பதிவானது.

அந்தக் கேசட் அதே வாரம் டேப்பில் சிக்கி அறுந்துபோயிற்று. மறுபடி பதிய வழியில்லை. பிளேயரில் பதிந்ததை வெட்ட அவனுக்குத் தெரியாது. ஆசையான பாட்டு, அழிக்க மனசும் வரவில்லை. அதனால் அப்படியே வைத்துக்கொண்டான். தினமும் வேலைக்குப் போகும்போது ரயிலில் அதைக் கேட்பான். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், நான் இறங்குகிற ஸ்டேஷன் அவனுக்கு முன்னால். காதில் மாட்டியதிலிருந்து சத்தம் எனக்கும் கசியும், தொடையில் விரலால் தாளம் போடுவான். நான் கத்துகிற இடம் வரும்போதும் தாளம் நிற்காது. அவனுக்கு அது பாட்டிலேயே இருக்கிற சத்தமாகிவிட்டது.

3

"ஏன் போலீசுக்குப் போகவில்லை" என்று இப்போது கேட்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

போலீஸ் வந்தது. நானாகக் கூப்பிடவில்லை, கீழ்வீட்டுக்காரி பாட்டுச் சத்தம் தாங்காமல் கூப்பிட்டிருந்தாள். ஒரு ஆண், ஒரு பெண். வாசலில் நின்றார்கள். என் உதடு வீங்கியிருந்தது. அந்தப் பெண் போலீஸ் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அப்போது காய்கறிக்கடைக்குப் போதும், அதற்கு மேல் இல்லை. தமிழில் சொன்னேன், "அடிக்கிறாரும்மா." என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்தார். பல்வலி, பாட்டுச் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொன்னாராம். பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்தார். சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் படியிறங்கிப் போனார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவை அவர் மூடினார்.

என் குடியிருப்பு அட்டையை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். விடியற்காலையில் போய் அலுவலக வாசலில் குளிரில் வரிசையில் நிற்போம். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவர் என்னைக் கேட்பார், புருஷனோடுதான் இன்னும் வாழ்கிறாயா என்று. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று 'ஆமாம்' என்பார். நான் தலையாட்டுவேன். இல்லை என்று சொன்னால் அட்டை போகும், அட்டை போனால் பிள்ளையை விட்டுவிட்டு நான் மட்டும் செல்லிப்பட்டுக்குப் போகவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அது பொய்யென்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது விதவைப் பென்ஷனுக்கு வேறொரு ஆபீஸ் கேட்கிறது, மறுகல்யாணம் செய்துகொண்டாயா என்று. செய்துகொள்ளவில்லையப்பா, ஒன்றே போதும் என்று எழுதலாமா என்று பார்த்தேன். அந்தத் தாளில் அதற்கு இடமில்லை.

ஊருக்கும் சொன்னேன். ஒரு தடவை டெலிபோன் பூத்திலிருந்து என் அண்ணனைக் கூப்பிட்டு அழுதேன்.

"அட போ மல்லிகா" என்றார். "பாட்டு கேக்கற மனுசன் பொம்பளைய அடிப்பானா? கோவத்துல ஒண்ணு வெச்சிருப்பாரு. அதுக்குப் போயி பாரிஸ்லேர்ந்து போன் பண்ணுவியா?"

என்னிடம் சாட்சி என்று எதுவும் இல்லை, பிளேயர் எப்போதும் அவன் சட்டைப்பையில்தான். உடைந்த பல்லைக்கூட அவன் குப்பையில் போட்டுவிட்டான்.

4

ஷோபாவிடம் விஷயத்தைச் சொன்னேன், பாட்டை மட்டும். அவளுக்கு ஒரே சந்தோஷம். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். பப்பாவின் பாட்டெல்லாம் அதில் ஏற்றி எல்லாருக்கும் அனுப்புகிறேன் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளேயரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்குப் பப்பா என்றால் பாட்டுதான். அவர் தோளில் உட்கார்ந்து ஆடியது ஞாபகம் இருக்கிறதாம், சின்ன வயதில் வேறெதுவும் ஞாபகம் இல்லையாம். நான் அதைக் கலைக்கவில்லை. அவளுடைய அப்பனையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்குத் தோன்றவில்லை.

பிளேயரின் ஒயரைக் காணோம். அது மாதிரி ஒயர் இப்போது கடையில் இல்லை, எங்கிருந்தோ தபாலில் வரவழைத்திருந்தாள். வந்த ஒயருக்குப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டையில்லை. நடுவில் ஒரு அடாப்டர் போட்டாள். இந்தச் சாதனத்தை எனக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. பிடுங்கினாள், சொருகினாள், பிரெஞ்சில் திட்டினாள். பேட்டரி செத்திருந்ததால் பாதி நேரம் சார்ஜ் ஏறக் காத்திருந்தோம். கடைசியில் திரையில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் வந்தது. உள்ளே பாட்டுக்கொரு எண்தான் இருந்தது, பெயர் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெயர் வைக்கவேண்டும்.

"மம்மா, நீ காபி போட்டு. நான் கேக்கறது" என்றாள். அவள் தமிழ் இப்படித்தான் இருக்கும்.

முதல் பாட்டைத் திறந்து காதில் மாட்டிக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள். பின்னால் ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்றாள். அவளிடம் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. வேண்டாத சத்தத்தை மட்டும் காட்டிக்கொடுத்தால் போதும், அதைத் தடவி எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைக்கும். ஃபிரிட்ஜைக் காட்டினாள், போய்விட்டது. ஒரு பாட்டில் என் இருமல், அதுவும் போய்விட்டது. ஒரு பாட்டில் குக்கர் விசில், அதற்குப் பின்னால் 'ஹ்க்' என்று ஒரு மூச்சு. அது என் மூச்சு. அவள் அதையும் சேர்த்து மவுசால் இழுத்து நீலமாக்கி எடுத்துவிட்டாள். பாட்டு புதுசு போலக் கேட்டது. "சூப்பர் மம்மா" என்றாள்.

நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷம் அவன் என்னைச் சத்தம் போடாதே என்றான். இப்போது என் பெண்ணே உட்கார்ந்து, மிச்சமிருந்த சத்தத்தையும் துடைக்கிறாள். அவளுக்குத் தெரியாது, அவள்மேல் தப்பில்லை. ஆனால் நான் அங்கே இருந்ததற்கு அந்தக் கத்தலைத் தவிர வேறென்ன இருக்கிறது? நிறுத்துடி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் அந்தக் காதல் பாட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு எப்படித் தெரியுமென்றால், அவள் தாளம் போட்டுக்கொண்டிருந்த கால் நின்றது. திருப்பிக் கேட்டாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, ஒயரைப் பிடுங்கி, சத்தமாக வைத்தாள். பாட்டுக்குள் தட்டு விழுந்தது. மண்டை மேடையில் மோதுகிற சத்தம், ஒரு டொக். "அய்யோ அம்மா, செத்தேன்." பிறகு ஒரு குழந்தை, "பப்பா வேணாம், பப்பா வேணாம்." அதன்மேலேயே பாட்டில் வருகிற பெண் சிரித்தாள்.

"இது யாரு?" என்றாள் ஷோபா.

"நான்."

"சின்னப் பொண்ணு?"

"நீ."

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. என் மகளை நான் அப்படிப் பார்த்ததில்லை. சமையல் மேடையில் சப்பாத்திக்கட்டை கிடந்தது. அதை எடுத்து பிளேயர்மேல் ஓங்கினாள். நான் பாய்ந்து கையை நடுவில் விட்டேன். அடி என் மணிக்கட்டில் விழுந்தது. வலி தாளாமல் அவள் முடியைப் பிடித்து இழுத்தேன், அவள் என் தோளைப் பிடித்துத் தள்ளினாள், சுவரில் மோதினேன். அம்மாவும் பெண்ணும் இரண்டு நாய்களைப்போலக் கட்டிப்புரண்டோம்.

"வுடு! ஒடைக்கணும்! ஏன் வெச்சிருக்க இத? ஏன் நீ எனக்குச் சொல்றதில்லை? நான் அந்தாளு போட்டோவுக்குப் பூ வைக்கறேன், நீ பாக்கற!"

"ஒடைக்காதடி!"

"அவன் பாட்டு உனக்கு வேணுமா?"

"அவன் பாட்டு எவளுக்குடி வேணும்? அதுல நான் இருக்கேன்டி! நான் கத்துனது அது ஒண்ணுலதான் இருக்கு. ஊர்ல ஒருத்தன் நம்பல. எங்கண்ணன் நம்பல. பாத்தியா, நீயே தொடைச்சிட்ட."

அவள் கையிலிருந்து கட்டை விழுந்தது. என் மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியது. அவள் ஐஸ் எடுத்துவந்து துணியில் சுற்றி வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, துடைத்த பாட்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பிளேயரிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள். ஃபிரிட்ஜ், இருமல், விசில், மூச்சு, எல்லாம் இருந்தபடியே. மூக்கை உறிஞ்சிக்கொண்டே செய்தாள்.

5

ஏற்றியாகிவிட்டது. சாந்திக்கு எதை அனுப்புவது?

ஷோபா ஒரே பேச்சில் நின்றாள், அப்படியே அனுப்பு என்று. மைக்செட்டில் ஊரே கேட்கட்டும் என்றாள். இங்கே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது சுலபம். நம் ஊரில் செத்தவனைப் பற்றிப் பேசினால் என்ன ஆகுமென்று அவளுக்குத் தெரியாது. அடித்தவன் போய்விட்டான், அவன் பேரைக் கெடுக்க வந்தாள் பார் பிரான்சுக்காரி என்று என்னைத்தான் காறித்துப்புவார்கள். என் அண்ணன் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதெல்லாம் யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

அதற்கு மேல் சாந்தியின் நிலைமை வேறு. அவள் வீட்டுக்காரர் குமார் கரும்பு லாரி ஓட்டுகிறார். அவளுடைய மாமியார் மாமனார் போனபிறகு அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சாந்தியின் காதோரம் கன்றிப் போயிருந்தது. இன்னாடி என்று கேட்டதற்கு "கதவு இடிச்சிக்கிச்சு அண்ணி" என்றாள். நானும் பாரிசில் அதே கதவில்தான் இடித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாதா? ஆனால் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எங்கண்ணன் தங்கம் என்று அவளும், ஆமாம் என்று நானும் சொல்லிக்கொண்டே வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் மனசில் இருக்கிற அண்ணனை அவள் வீட்டுப் பந்தலிலேயே உடைக்க எனக்கு உரிமை உண்டா என்றுதான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பொறுக்கவில்லை. நானே கூப்பிட்டேன்.

"சாந்தி, பாட்டு ரெடி. ஆனா வூட்டுச் சத்தமெல்லாம் உள்ள கலந்திருக்கு. தொடைச்சும் அனுப்பலாம், தொடைக்காமயும் அனுப்பலாம். எது வேணும்?"

"தொடைக்காம அனுப்பு அண்ணி" என்றாள் உடனே. "எங்கண்ணன் இருமுனது, பேசுனது இன்னாவாச்சும் இருக்கும்ல? அத எதுக்குத் தொடைக்கணும்?"

"நான் கத்துனதும் இருக்கும்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. ஒரு ஆடு கத்துவது கேட்டது.

"அனுப்பு" என்றாள் கடைசியில். வைத்துவிட்டாள்.

ஷோபா அனுப்பினாள். எல்லாம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது. சாந்தி பார்த்தாள், பதில் போடவில்லை. அவள் முன்னாலேயே கேட்டுவிட்டு அந்த ஒரு பாட்டை எடுத்துவிடுவாள், அதுதான் நடக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

6

படையல் அன்றைக்கு நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். அந்த பேனருக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு உட்கார என்னால் ஆகாது. வழக்கம்போல வேலைக்குப் போய் பிள்ளைகள் தின்ற தட்டுகளைக் கழுவினேன். இங்கே தட்டு கழுவும்போது அங்கே சாயங்காலம், பந்தலில் கூட்டம் சேர்கிற நேரம். மெஷினில் தட்டு அடுக்கும்போது ஒன்று கை நழுவி விழுந்து உடைந்தது. மேற்பார்வைக்காரி எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டாள்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. சாந்தி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பாத்திரச் சத்தம், ஜனச் சத்தம்.

"அண்ணி, போட்டாச்சு."

"எதை?"

"எல்லாத்தையும். முதல்ல அம்மன் பாட்டு. அப்பறம் நீ அனுப்பிச்சது. யாரும் கவனிக்கல, அவங்கவங்க பேசிக்கினு இருந்தாங்க. அந்தச் சிரிப்புப் பாட்டு வந்துச்சி. ரெண்டு கூம்பு ஸ்பீக்கரு கட்டியிருந்தோம் அண்ணி, ஏரிக்கர வரைக்கும் கேக்கும். அந்தத் தட்டு விழுந்ததுல பந்தல்ல எல்லாரும் திரும்பிட்டாங்க. எவனோ சமையல்ல போட்டுட்டான்னு நெனச்சாங்க. அப்பறம்தான் நீ கத்துன."

நான் பஸ் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கண்ணன் காபி டம்ளர கீழ வெச்சிட்டாரு. தலைய தூக்கவேயில்ல. ஒரு சத்தம் இல்ல அண்ணி பந்தல்ல. புள்ள 'பப்பா வேணாம்'னு அழுவுதே, அதுல பொம்பளைங்க எல்லாம் வாய மூடிக்கினாங்க. எங்க வூட்டுக்காரரு எழுந்து, நிறுத்துடா செட்டன்னு ஓடனாரு. நான் போயி குறுக்க நின்னேன். ஓடட்டும்னேன்."

"சாந்தி…"

"உன் அண்ணன் மானத்த நீயே வாங்கறியாடின்னு என்ன அறைஞ்சாரு. அத்தினி பேரு எதிர்ல. பளார்னு. மைக்குகாரன் பயந்துபோயி பாட்ட நிறுத்திட்டான்."

"அய்யோ. நான்தான்டி… நான் அனுப்பியிருக்கக்கூடாது."

"இரு அண்ணி, நான் இன்னும் முடிக்கல. நான் திருப்பி அறைஞ்சேன்."

பஸ் வந்தது, கதவைத் திறந்தது, டிரைவர் என்னைப் பார்த்தார். ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"அவரு காது மேலயே வெச்சேன். கை இன்னும் எரியுது. எனக்கே தெரியல அண்ணி, எப்பிடி வந்துச்சின்னு. தடுமாறி சேரப் புடிச்சிக்கினாரு. யாரும் அவரு பக்கம் போவல. மைக்குகாரனப் பாத்து, போடுடா அந்தப் பாட்டன்னேன். முதல்லேர்ந்து போடுன்னேன். போட்டான். முழுசா ஓடிச்சி."

நான் தெருவென்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடக்கவில்லை. அவளும் அந்தப் பக்கம் அழுதாள், அழுதுகொண்டே யாரையோ சாம்பாருக்கு வாளி கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் இன்னா அண்ணி, இலை போட்டோம். எல்லாரும் உக்காந்து சாப்பிடறாங்க."